கீழ்ப்படி

எங்கள் படகுத்துறைக்குப் பதினோரு படிகள்.
பரோ தீவின் கடல் கடைசிப் படியை
நாளுக்கு இருமுறை எடுத்துக்கொள்ளும்;
திருப்பித் தரும்போது பாசியோடு தரும்.
ஹெய்னி புறப்படும்போது நான் நிற்பது அதில்தான்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

கல்யாணமான வருஷம்
சபைக் கூடத்தில் மூப்பர் தூம்மாஸ்
மனைவிகளுக்கான அந்த வசனத்தை வாசித்தார்.
புருஷர்களுக்கான வசனம் வருவதற்குள்
மணி பன்னிரண்டாகிவிட்டது.
உருளைக்கிழங்கு அடிபிடிக்குமே என்று
பெண்கள் வரிசை முழுக்க எழுந்துவிட்டோம்.

எட்டு வருஷம்
பாதி வசனத்தை வைத்துக் குடும்பம் நடத்தினேன்.
அதாவது, வாயை மூடிக்கொண்டேன்.
எந்த ஆட்டை அறுப்பது, மகனுக்கு யார் பெயர்,
கூரையை எப்போது மாற்றுவது,
எதற்கும் "உங்கள் இஷ்டம்" என்பேன்.
அதில் கொஞ்சம் பக்தி இருந்தது.
மிச்சமெல்லாம் கோபம்;
முக்காடு போட்டிருந்ததால்
அடையாளம் தெரியவில்லை.

பிறகு அந்த செப்டம்பர்.
மூடுபனி.
அடுத்த தீவில் அவர் அக்காள் வீட்டிலிருந்து திரும்புகிறோம்.
சுக்கான் அவர் கையில். முன்னால் நான்,
மடியில் ருபார்ப் ஜாம் பாட்டில்கள்.
இடது பக்கம் தண்ணீர் வெள்ளையாக உடைவதைப் பார்த்தேன்.
மூன்று முறை பார்த்தேன்.
அவருக்குத் தெரியாததா, அவர்தானே தலை என்று
நினைத்துக்கொண்டிருந்தபோதே
பாறை அடிப்பலகையைத் தின்றது.

உயிர் போகவில்லை.
போனது ஆறு பாட்டில், ஒரு துடுப்பு.
உடைந்தது அவர் விலா எலும்பில் இரண்டு.
கரையில் நடுங்கிக்கொண்டே கேட்டார்:
"ரன்வா, நீ பார்க்கவில்லையா?"
"பார்த்தேன்."
"சொல்லியிருக்கலாமே."
"குறுக்கே பேசாதே என்றீர்களே, நேற்று."
ஈரத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"பாரத்துக்கென்று படகில் கல் போட்டிருக்கிறேன்.
இன்னொரு கல் எனக்கு எதற்கு?"

அன்றிரவு வேதாகமத்தை எடுத்து
எட்டு வருஷத்துக்கு முன் எழுந்துபோன இடத்திலிருந்து வாசித்தேன்.
அவருடைய பங்கு என்னுடையதைவிட நீளம்.
விரல் வைத்து வரிகளை எண்ணினேன்.
ஹெய்னி விலாவைப் பிடித்துக்கொண்டு
தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது பேசுகிறேன்.
புது என்ஜினுக்குக் கடன் வேண்டாமென்று
ஒரு வாரம் பேசினேன்.
கணக்குப் போட்டுக் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை.
எல்லாம் கேட்டார். இரண்டு இரவு புரண்டார்.
பிறகும், வாங்குவோம் என்றார்.
அவர் பெயருக்குக் கீழே
என் பெயரை எழுதினேன்.
கல்யாணமாகி அன்றுதான் முதல்முறை
கீழ்ப்படிந்தேன் என்று தோன்றியது.
யார் சொன்னது சரி? தெரியவில்லை,
தவணை இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மார்யுன்
கன்னத்தில் நீலத்தோடு கூட்டத்துக்கு வந்த அன்று
தூம்மாஸ் அதே வசனத்தை எடுத்தார்.
நான் எழுந்தேன்.
"மீதியையும் வாசியுங்கள்."
அந்தக் கூடம்
பாட்டில்லாத பெண் குரலைக் கேட்டது அன்றுதான்.
ஹெய்னி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
தன் வேதாகமத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடி,
மூப்பரிடம் நீட்டினார்.

மார்யுன் இப்போது எங்கள் மாடி அறையில் இருக்கிறாள்.

சில காலைகளில் எனக்கே தெரிவதில்லை,
இது கீழ்ப்படிதலா, வெறும் அசதியா என்று.
கர்த்தரிடம் அதையும் சொல்லிவிடுகிறேன்.
பாசியில் கால் வழுக்குகிறது.
படகு இழுக்கிறது.
"விடு" என்கிறார் ஹெய்னி.
ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான்
விடுகிறேன்.