வால் மட்டும் மெய்

ரொறொன்ரோவிலிருந்து பெறாமகன் அனுப்பிய பார்சலில்
காலுறைக்குள் சுருண்டு கிடந்தது ட்ரைலோபைற்.
மொறோக்கோக் கல்.
வயசு நாற்பது கோடி என்று
கடைக்காரன் எழுதிக்கொடுத்த துண்டும் உண்டு.

எங்கள் நிலத்தில் இது கிடையாது.
கோண்டாவிலில் கிணற்றுக்கு வெடி வைத்தால்
சிப்பி வரும், பவளம் வரும்,
ஒருமுறை குரும்பையளவில் கடல் முள்ளெலி வந்தது,
கல்லுடைத்தவருக்கு ஒரு சோடா வாங்கிக்கொடுத்து எடுத்துவந்தேன்.
எல்லாம் நேற்றுப் பிறந்ததுகள்.
இந்தச் சாதி பூண்டற்றுப் போய்
இருபது கோடிக்கு மேல் ஆண்டு கழிந்துதான்
யாழ்ப்பாணம் கடலடியில்
சுண்ணாம்பாய்ப் படியத் தொடங்கியது.

ஆஸ்பத்திரி வீதி, கிளினிக்கின் பின்னறை, சனி பின்னேரம்.
பல் பார்க்கும் லென்ஸை மாட்டிக்கொண்டேன்.
கண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.
கல்லே வில்லையாய் வளர்ந்த கண்,
நம் கிணற்றுக் கல்லின் அதே சுண்ணம்,
நூறு நூறாய் அடுக்கியிருக்குமாம்.

இருந்தது.
ஒவ்வொன்றும் ஒரே அளவு.
பக்கத்தில்
குண்டூசித் தலையளவு ஒரு குமிழி.

முப்பத்தொரு வருஷம் பொய்ப்பல் வார்த்தவனுக்கு
குமிழி எதென்று சொல்லத் தேவையில்லை.
அவசரத்தில் குழைத்தால் அப்படித்தான் விழும்.
ஊசியைச் சுடவைத்துத் தொட்டேன்.
எழுந்தது
என் மேசையின் மணம்.

தலை வார்ப்பு. கன்னத்து முள் வார்ப்பு.
இடுப்புவரை வந்து ஊசி தடுக்கியது,
அதற்கப்பால் கல்.
வால் மட்டும் மெய்.
அதன் ஓரத்தில் எதுவோ கடித்து
ஆறிப்போன பிறை வடு.

கோபம் வந்தது. தேநீர் ஆறும் மட்டும் இருந்தது.
பிறகு இணைப்பைப் பார்த்தேன்.
என்ன கை!
ஒரு வாலை வைத்துக்கொண்டு
விலாவிலாவாய் முன்னோக்கி ஊகித்து
முகம்வரை போயிருக்கிறான்.
இரண்டு கடைவாய்ப்பல்லிலிருந்து
ஒருத்தியின் சிரிப்புக்குப் போவதுபோல.
மூட்டுத் தெரியாமல் மணல் தூவியிருக்கிறான்.
நான் இளஞ்சிவப்பு மெழுகு பூசுவேன்.

இரவு போன்.
"பிடிச்சுதோ சித்தப்பா? முந்நூறு டொலர்."
"கண் நல்ல வடிவு" என்றேன்.
பொய்யில்லை.

திங்கள் காலை அன்னப்பிள்ளை அக்கா அளவுக்கு வந்தா.
"முன்பல்லுக்கு நடுவில எனக்கொரு நீக்கல் இருந்தது,
அதையும் வை" என்றா.
"படம் ஏதும் இருக்கோ?"
"எல்லாம் எரிஞ்சுபோச்சு.
நீ வை, நான் சொல்லுறன்
அதுவோ இல்லையோ எண்டு."

மூன்றுதரம் மெழுகைச் சீவினேன்.
நாலாம் தரம் கண்ணாடியை வாங்கி
நாக்கு நுனியை நீக்கலில் வைத்துப் பார்த்தா,
கனநேரம்.