பீரோவுக்கு அடியில் இருந்த பச்சை

கரண்ட் போன நேரம் பார்த்து
தண்ணி லாரி வந்தது.
இருவருமே குடத்தோடு இறங்கினோம்.
ஏறி வருவதற்குள்
கரண்ட் எங்களுக்கு முன்னால்
வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

இஸ்திரிப் பெட்டி லினோலியத்தில்
குப்புறக் கிடந்தது.
தூக்கினால்
ஒரு படகின் முன்பாதி.
ஓரம் பழுப்பு, நடுவில் அட்டக் கறுப்பு.
நாலு நாள் சோற்றிலும் அந்த நெடி.

மூன்று வருஷம் அதன்மேல் அரிசி டிரம் நின்றது.
மாசக் கடைசியில் டிரம் லேசாகி நகரும்,
படகு தெரியும்,
அமுலு ஆரம்பிப்பாள்:
"சுச்சை அணைக்காம வந்தது நீ."
"கடைசியா இறங்குனது நீ."
அரிசி வந்ததும்
பேச்சும் மூடிக்கொள்ளும்.

இப்போது வீட்டைக் காலி செய்கிறோம்.
அட்வான்ஸ் அறுபதாயிரம்
குணபூஷணத்திடம் இருக்கிறது.
போன குடித்தனக்காரருக்கு
உடைந்த வாஷ்பேசினுக்காக
நாலாயிரம் பிடித்தவர்.

பாரிமுனைக் கடையில்
போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் சொன்னார்:
"இந்த டிசைன் நின்னு எட்டு வருஷம் சார்.
பீரோவ நகத்திப் பாருங்க."
தொடையில் தோல் எடுத்து
முகத்தில் வைக்கலாம் என்கிற
டாக்டரின் குரலில்.

நகர்த்தினோம்.
ரெண்டு ஒத்த ரூபாய், ஒரு ஹேர்பின்,
பக்கத்து வீட்டு ரோஸ்லினை நாங்கள்
ஆறு மாதம் சந்தேகப்பட்ட
கம்மல் திருகாணி.
அமுலு அதை முந்தானையில் முடிந்தாள்.
ரோஸ்லின் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.

தேவைக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டி எடுத்து
கருகல்மேல் வைத்து
பூவோடு பூ, கோட்டோடு கோடு சேர்த்து
நாலு பக்கமும் டேப் ஒட்டி
இரும்பு ஸ்கேல் அழுத்தி
பிளேடை நேராக நிறுத்தி இழுக்க வேண்டும்.
மேலும் கீழும் ஒரே வெட்டில் அறுபட்டால்
இடைவெளி இருக்காது.
அவள் ஸ்கேலைப் பிடித்தாள், நான் இழுத்தேன்.
"விரலு, விரலு" என்றாள்,
அவள் விரலைத்தான் சொன்னாள்.

கொருக்குப்பேட்டை கேட்டில்
செருப்புத் தைப்பவர் கொடுத்த பசை.
அதன்மேல் செய்தித்தாள்,
அதன்மேல் நிறை சிலிண்டர்.
கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம்
வீடு அதிர்ந்து
நன்றாகவே அழுத்திக் கொடுத்தது.

காலையில் பார்த்தோம்.
ஒட்டுப் பிடித்திருந்தது. கோடு தெரியவில்லை.
தெரிந்தது வேறு.
அந்தத் துண்டு பச்சை.
வெற்றிலைப் பச்சை.
எங்கள் வீட்டுத் தரை பச்சை என்று
அன்றைக்குத்தான் தெரியும்.
மற்றதெல்லாம் எங்கள் காலின் நிறம்,
துறைமுகத்திலிருந்து வந்து
ஜன்னல் வழியே படியும் கரியின் நிறம்.
கருகியபோதுகூட இத்தனை கத்தவில்லை அந்த இடம்.

டீ டிகாஷன் தேய்த்தோம்.
ஜன்னல் கட்டையில் விரலால் கரி வழித்துப் பூசினோம்.
பிறகு மிதித்தோம்.
மூன்று வருஷத்தை ஒரு ராத்திரியில் மிதிக்க வேண்டியிருந்தது,
ஒரு சாண் இடத்தில், மாற்றி மாற்றி.
ஒரு முறை இரண்டு பேருமாக.
அவள் குதிகால் வெடிப்பு என் காலில் உரசியது.
கீழ்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ,
இருமினார்.

கருகிய துண்டைக் குப்பையில் போட மனசில்லை.
பீரோ நின்ற ஓட்டையில் வைத்தேன்.
ஓட்டை பெரிசு, படகு சின்னது.
சுற்றிலும் சிமெண்ட் தெரிந்தது.
கடல் மாதிரி எல்லாம் இல்லை,
சிமெண்ட் மாதிரிதான்.
அதன்மேல் பழைய மிதியடியை விட்டுவிட்டோம்.

குணபூஷணம் வந்தார்.
ஒட்டின்மேலேயே நின்றுகொண்டு
சுவரைப் பார்த்தார்.
ஆணி ஓட்டைகளை எண்ணினார்.
பதினொன்று.
இரண்டாயிரத்து இருநூறு பிடித்தார்.

சாமான் வண்டி கேட்டில் நின்றது.
கூட்ஸ் இன்னும் வரவில்லை.
பீரோவில் சாய்ந்திருந்த அமுலு
சட்டென்று நிமிர்ந்து கேட்டாள்:
"ஃபேன் சுச்சு அணைச்சியா?"

"கடைசியா இறங்குனது நீ."