திருப்பல் ரத்து

காட்பாடி எக்ஸ்சேஞ்சில் எனக்கு இரவுப் பணி.
குரல் எதுவும் என் காதுக்கு வராது.
வருவது யார், யாரை, எந்த டவர், எத்தனை விநாடி.

ஆற்காட்டிலிருந்து புகார் நானூற்றுப் பதினேழு.
பெயர் பூங்காவனம்.
"ரெண்டு தம்பிக்கும் போட்டுப் பாத்துட்டேன் நைனா,
மணியே அடிக்கல. சும்மா கெடந்து கெடந்து
டொய்ங்குனு கட்டாவுது. லைன்ல இன்னா கோளாறு?"

மார்ச் இரண்டாம் தேதி
பள்ளிகொண்டாவில் பெரியவர் ஏகாம்பரம்
நட்சத்திரம் நட்சத்திரம் இருபத்தொன்று போட்டு
தனக்கு வருவதெல்லாம் தம்பிக்குப் போகட்டும் என்று
எழுதிவைத்திருக்கிறார்.
குழுக்கடன் வசூல்காரன் அவனையே கேட்கட்டும் என்றிருக்கும்.
பதினோராம் தேதி
ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலிலிருந்து ஜெயவேலு
அதே நட்சத்திரங்களை அண்ணன் பக்கம் திருப்பிவிட்டார்.

இயந்திரம் ஏன் என்று கேட்பதில்லை.
அக்காவின் அழைப்பு
பள்ளிகொண்டா, ஆம்பூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், பள்ளிகொண்டா
என்று தாவும்.
ஐந்துக்கு மேல் எண்ணி அறுத்துவிடுகிறோம்.
அறுக்காவிட்டால் விடிய விடியச் சுற்றும்.
இப்படி இரண்டு பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள் என்று
இதைச் செய்தவன் யாரோ
முன்னமே அறிந்திருக்கிறான்.

ஜெயவேலு மாதம் முப்பது ரூபாய்க்கு
ஒரு முருகன் பாட்டு வாங்கியிருக்கிறார்.
பாட்டு அவர் ஃபோனில் இல்லை, சென்னையில் ஒரு சர்வரில்.
மணியடிக்கும்போது கிளைவழி வெட்டி
கூப்பிடுகிறவர் காதில் ஊற்றுவோம்.
மணியே அடிக்காத எண்ணுக்கு எந்தப் பாட்டு?
இரண்டு மாதமும் பணம் மட்டும் பிடித்திருக்கிறோம்.

யார் யாருக்குத் திருப்பினார் என்று சொல்லக் கூடாது.
சொல்லவில்லை.
ரத்து செய்யும் எண்ணை மட்டும் சொன்னேன்.
"ஹேஷா? ஜன்னல் கம்பியாட்டம் இருக்குமே, அதுவா?
இரு, பஸ் டிக்கெட்ல எழ்திக்கறேன்.
நீயே அங்கேர்ந்து போட்டுடேன்."
முடியாதும்மா.
அந்தந்த ஃபோன்லயேதான் போடணும்.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவு:
பத்து ஐம்பத்திரண்டு, பள்ளிகொண்டா டவர், திருப்பல் ரத்து.
பன்னிரண்டு இருபது, ஆம்பூர் டவர், திருப்பல் ரத்து.
பஸ் நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பெரியவன் வீட்டில் அவள் சோறு தின்னவில்லை.

இரவு ஒன்பது ஆறு.
பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூருக்கு.
பாட்டு முழுசாக ஓடியது. எடுக்கவில்லை.
ஒன்பது எட்டு.
பாட்டு முழுசாக. எடுக்கவில்லை.
ஒன்பது முப்பத்தொன்று.
பாட்டு நான்கு விநாடி,
பேச்சு பதினோரு விநாடி.

பதினோரு விநாடியில் நன்றாகவே திட்டலாம்.
அக்கா பத்திரமா போய்ச் சேந்துச்சா என்றும் கேட்கலாம்,
பதிலுக்கும் இடமிருக்கும்.

புகாரை மூடக் காரணம் எழுத வேண்டும்.
கட்டம் சின்னது.
கோளாறு இல்லை என்று எழுதினேன்.