பக்கம் பதினொன்று

வியாழக்கிழமை ஆடிட்டர் வருகிறார்.
திங்கள் மத்தியானம்தான் கேட்டார் முதலாளி:
"பணியாளர் கையேடுன்னு ஒண்ணு வேணுமாமுங்க அம்மிணி,
நம்மகிட்ட இருக்குதா?"

விதியென்று நம்மிடம் இருந்தது
மெயின் போர்டுக்கு மேலே சாக்பீஸில் எழுதிய
செல்போன் பேசக்கூடாது.
அதிலும் கூடாது அழிந்து
மூன்று மாதமாகிறது.

மங்கலம் ரோட்டுப் பெரிய கம்பெனியிலிருந்து
கொழுந்தனாரின் சிநேகிதர் பென்டிரைவில் கொடுத்தார்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அவர்கள் பெயர் வரும் இடமெல்லாம்
எங்கள் பெயரைப் போடச் சொன்னேன் கம்ப்யூட்டரிடம்.
முந்நூற்று ஆறு இடங்களில் ஒரே நொடியில்
பாவாத்தாள் நிட்ஸ்.

பாவாத்தாள் நிட்ஸ் நீச்சல் குளத்தில்
காலணியுடன் இறங்கக் கூடாது.
பாவாத்தாள் நிட்ஸின் வெளிநாட்டுக் கிளைகளுக்குச் செல்வோர்
தினப்படி ரசீதைப் பதினைந்து நாளில் தர வேண்டும்.
பெருந்துறை டையிங்தான் எங்களுக்கு வெளிநாடு.
போய் வரும் சிவராசு
பஸ் டிக்கெட்டுக்குக்கூடக் காசு கேட்டதில்லை.

குளத்தை வெட்டினேன்.
ஊரில் குளம் வெட்டினால் தண்ணீர் வரும்,
எனக்கு அரைப் பக்கம் மிச்சம்.

நெருங்கிய உறவினர் இறந்தால் விடுப்பு மூன்று நாள்.
ஓவர்லாக் பிபினுக்கு ஊர் ஒடிசாவில் உள்ளே எங்கோ,
போக இரண்டு, வர இரண்டு.
மூன்றை அழித்து எட்டு என்று அடித்தேன்.
பயந்துபோய் ஏழாக்கினேன்.

ராஜினாமாவுக்கு ஒரு மாத நோட்டீஸ் என்றிருந்தது.
இங்கே ராஜினாமா என்பது
தீபாவளி போனஸ் வாங்கிய பின்
எடுக்கப்படாத போன்.
அதை அப்படியே விட்டேன், அழகாக இருந்தது.

ராத்திரி பத்து மணி. பக்கம் பதினொன்று.
கத்திரியைக் கயிற்றில் கட்ட வேண்டும்.
உடைந்த ஊசியை நோட்டில் ஒட்ட வேண்டும்.
தலைமுடியை முடிந்திருக்க வேண்டும்.
மூன்றோடு நின்றது.
கோடு மினுக்கிக்கொண்டிருந்தது, என்ன என்ன என்று.

செக்கிங் மேசையில் எட்டுப் பெண்கள்,
எட்டரைக்கு எட்டரை நிற்பவர்கள்.
ருக்குமணி ஒரு பாதத்தை இன்னொன்றின்மேல் வைத்து
மாற்றி மாற்றி நிற்பதை
ஒன்பது வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம்
சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கு. செக்கிங் பிரிவினர் அனைவருக்கும்
உட்கார்ந்து வேலை செய்ய இருக்கை வழங்கப்படும்.

வழங்கப்படும்.
யார் என்று சொல்ல வேண்டாத
அருமையான வினைச்சொல்.

புதன்கிழமை, நூல் விலையைப் போனில் கேட்டபடியே
அறுபத்தொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

ஆடிட்டர் மணல் வாளியைப் பார்த்தார்.
முதலுதவிப் பெட்டியைத் திறந்து மூடினார்.
பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து நின்றார்.
"இருக்கை எங்கே?"
முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் கால்குலேட்டரைப் பார்த்தேன்.
"வண்டீல வந்துட்டே இருக்குதுங்க" என்றார்.
சொல்லி நாற்பதாம் நிமிடம்
சிவராசுவின் டாட்டா ஏஸில் ஒன்றுக்குள் ஒன்றாக
எட்டு ஸ்டூல், விலைச் சீட்டோடு.

உட்கார்ந்தார்கள்.
மேசை தாடை வரைக்கும் வந்தது.
"கை எட்டலீங்க்கா" என்றாள் ருக்குமணி,
எழுந்து பக்கத்து ஸ்டூலை எடுத்துத்
தன்னதின்மேல் வைத்து ஏறி உட்கார்ந்தாள்.
மற்றவர்களும் அப்படியே செய்ய
நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்,
நாலு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.
ஆடிட்டர் ஏதோ குறித்துக்கொண்டார்.

கார் கிளம்பியதும் முதலாளி,
"எடுத்து உள்ள வெச்சுருங்க,
விசேசத்துக்கு ஆகும்" என்றார.
பக்கம் பதினொன்றைத் திருப்பிக் காட்டினேன்.
தன் கையெழுத்துக்கு மேலே இருந்ததை
முதல்முறையாக, விரல் வைத்துப் படித்தார்.
"அனைவருக்கும்னு போட்டிருக்குது."
"ஆமாங்க."
"பெரிய கம்பெனீல அப்படித்தானா?"
"அப்படித்தானுங்க போல."

ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார்.
ஸ்டூலை யாரும் எடுக்கவில்லை.
சனிக்கிழமைக் கணக்கில் எழுதினேன்,
ஸ்டூல், எட்டு.
கீழே ஒரு வரி
இடம் விட்டிருக்கிறேன்.