பத்தரைக்கு டோக்கன்

வில்லங்கம் முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று.
நேசையன் வங்கியில் வைத்த கடன்
தீர்ந்த ரசீதும் உறைக்குள் இருக்கிறது.
மூலப் பத்திரம் மலையாளத்தில்.
எழுத்தர் வாசித்தார்:
கிழக்கே எல்லை, அயனி மரம்.
போய்ப் பார்த்தோம்.
அந்த இடத்தில் ஒரு மின்கம்பம்
கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

நாலேகால் சென்ட், ஓட்டு வீடு,
குழாயைத் திருகினால் முதலில் துரு.
போதும் எனக்கு.

பாக்கி என் பெருவிரல்தான்.
பத்தொன்பது வருடம்
கருங்கல் அண்டி ஆபீசில் உடைத்து
எண்ணெய் தின்ற விரல்.
ரேசன் கடையில் மூன்றுமுறை வைத்தும்
நான் நானில்லை என்றது மிஷின்.
எலுமிச்சை தேய்க்கச் சொன்னாள் பால்தங்கம் மைனி.
தேய்த்தேன், எரிந்தது.
பிறகு தேங்காயெண்ணெய், மேலே துணிச்சுற்று.

தூக்கம் வராமல் பத்திரத்தைப் புரட்டுகிறேன்.
கடைசிப் பக்கத்தில் எவளோ ஒருத்தியின் கைநாட்டு.
பெயரை வாசிக்கத் தெரியவில்லை,
ரேகை மட்டும்
சுழி சுழியாய், ஒன்றும் அழியாமல்.

துணியை அவிழ்த்து
என் விரலை பல்புக்குக் கீழே பிடிக்கிறேன்.
ஒரு கோடு தெரிகிறது.
ரேகையோ, அண்டித்தோடு கிழித்த கீறலோ,
எதுவானாலும்
பத்தரைவரை அங்கேயே கிட.