பொம்மை வீட்டுக்குள் புகை

ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிறு
ஹோல்ட்டன்பெக் தீயணைப்பு நிலையம்
தன் சிவப்புக் கதவுகளை மேலே சுருட்டிக்கொள்ளும்.
வண்டிகள் வெளியே வெயிலில்.
அவை நின்ற இடத்தில் நீள மேசைகள்,
உருளைக்கிழங்கு சாலட், ஏழு வகைக் கேக்.
ஏழும் எங்கள் மாமியார்கள் சுட்டவை என்பான் யோர்க்.
இரண்டு அவனே சுட்டது.

எனக்கு எப்போதும் பொம்மை வீடு.
கண்ணாடி முகப்பு, மூன்று மாடி, ஆறு அறை,
தீப்பெட்டி அளவில் கட்டில்கள்.
அடியில் ஒரு சின்ன இயந்திரம் புகை விடும்.
அது சமையலறையில் தொடங்கிப் படியேறி
திறந்த அறைகளை ஒவ்வொன்றாய் விழுங்கும்.
"இப்ப இந்தக் கதவைச் சாத்து" என்பேன்.
ஐஸ்கிரீம் பிசுக்கோடு ஒரு விரல் சாத்தும்.
அந்த அறை மட்டும் தெளிந்து நிற்கும்.
உள்ளே பிளாஸ்டிக் மனிதன்
ஒன்றும் அறியாமல் உறங்குவான்.

தீயைவிடப் புகைதான் அதிகம் கொல்லும்.
நாம் தூங்கினால் மூக்கும் தூங்கிவிடும்.
அதனால் முகட்டில் ஒரு காது வேண்டும்.
பன்னிரண்டு வருடமாய் இதே மூன்று வாக்கியம்,
ஜெர்மனில்;
பக்கத்து ஊர்த் தவராசா குடும்பம் வந்தால் தமிழில்.

முன்பல் இரண்டும் விழுந்த ஸ்வென்யா கேட்டாள்:
"உங்க வீட்டிலயும் அந்தக் காது இருக்கா?"
"இருக்கே."
பொய்யில்லை.
அதன் தலையில் ஒரு குளியல் தொப்பி இருப்பதைச்
சொல்லவில்லை, அவ்வளவுதான்.
கடுகு வெடித்துச் செத்தல் மிளகாய் கறுக்கும்
ஒவ்வொரு மாலையும் கத்தித் தொலைத்தது.
மேல்மாடி ஹெர் வுல்ஃப்காம்ப்
துடைப்பக் கட்டையால் தரையை இடித்தார்.
ஏதோ ஒரு ஹோட்டலிலிருந்து வந்த நீலத் தொப்பி,
அளவெடுத்தது போலப் பொருந்தியது.
ஊருக்குத்தானே உபதேசம்.

மூன்று பத்துக்குப் பேஜர்கள் அலறின,
பதினெட்டு இடுப்பில் ஒரே நேரத்தில்.
யோர்க் இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினான்;
பாதிரியாரம்மா அதை எடுத்து
சொசேஜ்களைத் திருப்பத் தொடங்கினார்.
பாண்டு கோஷ்டியில் டிரம்பெட் இரண்டும் எங்களோடு;
மீதி வாத்தியங்கள்
ஓட்டை விழுந்த மெட்டைத் தொடர்ந்தன.
சனம் கைதட்டியது,
இதுவும் நிகழ்ச்சி நிரலில் உண்டென்று.

லிண்டன் தெரு பதினான்கு, இரண்டாம் மாடி.
எண்ணெய்ச் சட்டியை மறந்த மகன்
வாசலில் நின்று அம்மா அம்மா என்றான்.
நடைவழி முழுக்கக் கறுப்பு.
சுவர் தடவித் தவழ்ந்தேன்,
முன்னே ஹெனிங்கின் பூட்ஸ் மட்டும்,
பிறகு அதுவும் இல்லை.
இடப்பக்கம் ஒரு கதவு.
சாத்தியிருந்தது.
திறந்து, நுழைந்து, உடனே சாத்தினேன்.

வெளிச்சம்.
வெள்ளைத் திரை, நாற்காலியில் தாதிச் சீருடை,
இரவு வேலை முடித்துத் தூங்கிய ஃப்ராவ் டீக்ஹோஃப்
கட்டிலுக்கடியில் குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏணியில் இறக்கியபின் யோர்க் கேட்டான்,
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு:
"போன வருசம் எங்கட பொம்மை வீட்டைப் பார்த்தீங்களா?"
"இல்லையே. பூனை.
கட்டில்ல ஏறிடும். அதுக்காகச் சாத்துறது."
பூனை எதிர்வீட்டு மதிலில் உட்கார்ந்து
எங்கள் குழாய்ச் சுருள்களை
எண்ணுவது போலப் பார்த்தது.

திரும்பினோம். கேக் தீர்ந்திருந்தது.
பொம்மை வீட்டின் ஆறு கதவுகளையும்
யாரோ சாத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

இரவு, நாற்காலியில் ஏறித் தொப்பியைக் கழற்றினேன்.
அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம்.
எண்ணெய் காய்ந்தது.
கடுகு போட்டேன், மிளகாய் போட்டேன்.
கத்து, என்றேன்.

கத்தியது.
மேலே கட்டை இரண்டு முறை இடித்தது.
ஜன்னலைத் திறந்து,
கையில் அகப்பட்ட துண்டறிக்கையால் விசிறினேன்:
"உங்கள் வீட்டில் புகை உணரி உண்டா?"
மினுமினுப்பான கெட்டித் தாள்.
விசிற நன்றாகவே இருந்தது.