இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்
டயர் கடைக்கும் ரிக் ஸ்பேர் கடைக்கும் இடையில்
ஆறடி அகலம் என் கடை.
வாசலில் ஒரு வாளி மணல்.
கோழி கிளறிவிட்டுப் போகும், மறுபடி நிரவுவேன்.
உப்பிய பேட்டரிகளை அதில்தான் கிடத்துவது.

சித்திரையில் நவமணி கொண்டுவந்த போனில்
பின்மூடி தானாகவே திறந்திருந்தது.
உள்ளே கச்சாயம் மாதிரி எழும்பிக் கிடந்தது பேட்டரி.
"கீழகூடப் போடலீங்க" என்றார்
நான் வாய் திறப்பதற்கு முன்பே.
ராத்திரி எத்தனை மணிக்குச் சார்ஜ் போடுவீங்க?
"எடுத்தாத்தானுங்க போடறதுக்கு."

வயர் செருகியே இருக்குமாம்
தலையணைக்கு அடியில், வெந்து வெந்து.
நூறு. நூறு. நூறு.
தொண்ணூற்றொன்பது என்று காட்டினால் தூக்கம் வராது.
வீட்டுக்காரர் ரிக் வண்டியில்
ராய்ப்பூருக்கும் அக்கட்டால எங்கேயோ ராடு மாட்டுகிறார்.
டவர் எடுக்கிற மேடு ஒன்று தட்டுப்பட்டால் கூப்பிடுவார்.
அது விடியக்காலம் மூணாக இருக்கும்,
மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரமாக இருக்கும்.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.
வயிறு முட்டத் தின்றுவிட்டு வெயிலில் உட்கார்ந்தால்
நமக்கே ஆகாது.
எண்பதில் கழற்றுங்கள், இருபதில் மாட்டுங்கள்.
தலையணை ஆகவே ஆகாது.
பில்லை நாலாக மடித்தபடி கேட்டார்:
"அந்தக் கொறையற இருபதுல
அவரு கூப்புட்டாருன்னா?"

பழைய பேட்டரியை மணலில் புதைத்தேன்.
கொஞ்ச நேரம் நெயில் பாலிஷ் வாசம் அடித்தது.

ஆடியில் மழைக்கு வண்டிகள் ஊர் திரும்பின.
சீரங்கன் வந்தார், கிரீஸ் போகாத நகங்களோடு,
அதே மாடல் போனோடு.
"முப்பதுன்னு காட்டுது, சட்டுனு செத்துப்போவுதுங்க."
அங்கே எட்டு ஆளுக்கு ஒரே சார்ஜர், லாரி கேபினில்.
கண்ணாடி வழியே இறங்குகிற வெயிலில் போன் வேகும்.
ரெண்டு கோடு ஏறினதும் அடுத்தவன் பிடுங்கிக்கொள்வான்.
கிடைத்த ரெண்டு கோட்டையும்
அவளிடம் பேசியே தீர்ப்பார், திரை கறுக்கும் வரை.
"பேச்சு பாதில நின்னுபோகும்.
மிச்சத்தை நாளைக்குச் சொல்லலாம்னு வெச்சிருப்பேன்.
மறந்துபோயிருமுங்க."

போர் போடுகிறவருக்குப் போர்க் கணக்கிலேயே கேட்டேன்:
தண்ணி வத்தினப்புறமும் மோட்டாரை ஓட்டினா?
"காயில் போயிரும்."
அதேதானுங்க.
சிரித்தார். "வத்தறதுக்கு முன்னால நிறுத்த
எவனுக்குங்க மனசு வருது?"

நோட்டைப் புரட்டினேன்.
நவமணியுடையது, மிச்ச ஆயுள் அறுபத்தொன்று.
இவருடையதை அளந்தேன், ஐம்பத்தெட்டு.
ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கினது ரெண்டும்.
நிரம்பி நிரம்பி ஒன்று,
காய்ந்து காய்ந்து ஒன்று.

புதுப் பேட்டரியை அலமாரியிலிருந்து எடுத்தபோது
"இதுல பாதிதான இருக்குது?" என்றார்.
சும்மா கிடக்கிற பேட்டரி பாதியில்தான் கெடாமல் இருக்கும்.
சொன்னதும் திரும்பி மலையைக் கும்பிட்டார்.
"பாதிபாதியா நிக்கற சாமி ஊருங்களே இது."
எனக்குத் தோன்றினதேயில்லை.
பதினோரு வருசமாக
மலைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐப்பசி கடைசியில் நவமணி மறுபடி வந்தார்,
கவர் கிழிந்துவிட்டதென்று.
வண்டி எப்போ கெளம்புச்சு? "போன வெள்ளிக்கெழமைங்க."
அவர் வீட்டில் இருந்த நாளெல்லாம்
போன் சன்னல்மேட்டில் கிடந்ததாம்,
சில நாள் பன்னெண்டு, சில நாள் எழுபது,
ஒரு நாள் அணைந்தே கிடந்து
சாயங்காலம்தான் பார்த்தார்களாம்.
அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

பேட்டரிக்கு அதைவிட நல்ல நாட்கள் அமையாது.

திரையைத் தொட்டுப் பார்த்தேன். நூறு.
பின்பக்கம் இளஞ்சூடு,
இப்போதுதான் வயரிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்த மாதிரி.
புதுக் கவரை மாட்டினேன், நூற்றிருபது ரூபாய் என்றேன்.
எண்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
வாசலில் கோழி மணலைக் கிளற ஆரம்பித்திருந்தது,
எழுந்துபோய் விரட்டினேன்.